கைமாறும்தோறும் ஏறும் விலை

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில், பால்கோவா கிண்டுபவரும் அதை எடைபோட்டு விற்பவரும் பல இடங்களில் ஒரே கடையைச் சேர்ந்தவர்கள்தாம். 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற அந்தப் பண்டத்தை யார் வேண்டுமானாலும் அங்கு வாங்கிச் சென்று மதுரையிலோ சென்னையிலோ விற்கலாம். ஒருவர் விலையை மிகையாகச் சொன்னால், வாங்குபவர் அடுத்த கடைக்குப் போய்விடுவார்.

அருகிலுள்ள ராஜபாளையத்தில் இசை ஆர்வலர் ஒருவர் வெளிநாட்டு உயர்தர ஒலிபெருக்கி வாங்க விரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். அதே கருவி பிரிட்டனில் என்ன விலைக்கு விற்கப்படுகிறது என்பதை இணையத்தில் பார்த்துவிட்டு, இந்திய விலையைக் கேட்டால் அவர் திகைத்துப் போவார். 'எல்லாம் இறக்குமதி வரியால்தான்' என்பதே அவருக்கு வழக்கமாகக் கிடைக்கும் பதில். இது பாதி உண்மை மட்டுமே.

கணக்கிட்டுப் பார்ப்போம். ஒரு ஜோடி ஒலிபெருக்கி இந்தியத் துறைமுகத்துக்கு ரூ.1 லட்சம் மதிப்பில் வந்து சேர்கிறது. அடிப்படை சுங்க வரி 15%. அந்த வரியின் மீது சமூக நலக் கூடுதல் வரி 10% என்று கொள்வோம். அடக்கம் ரூ.1,16,500. தேசிய அளவிலான விநியோகஸ்தர் 30 சதவீதமும், அவரிடம் வாங்கும் டீலர் 40 சதவீதமும் சேர்த்தால் ரூ.2,12,030. இதற்கு ஜிஎஸ்டி 18% சேர, வாடிக்கையாளர் கொடுப்பது ஏறத்தாழ ரூ.2.5 லட்சம்.

இந்த எடுத்துக்காட்டில் அரசுக்குச் சேரும் வரிகள் மொத்தம் சுமார் ரூ.54,700. இடையிலுள்ள இருவரின் பங்கோ சுமார் ரூ.95,500. அது மட்டுமல்ல, துறைமுகத்தில் கட்டிய ரூ.16,500 சுங்க வரியின் மீதும் இருவரின் சதவீதமும் ஜிஎஸ்டியும் ஏறுவதால், அந்த வரி வாங்குபவரை அடையும்போது ரூ.35,400-ஐத் தாண்டிவிடுகிறது. வரி குட்டி போடுகிறது என்றே சொல்லலாம்.

உற்பத்தி நாட்டில் இந்தச் சங்கிலி குறுகியது. ஆலையிலிருந்து அதே ரூ.1 லட்சத்துக்கு நேரடியாக டீலரிடம் போய், அவர் 40% சேர்த்து, பிரிட்டனின் 20% மதிப்புக் கூட்டு வரியும் சேர்ந்தால் ரூ.1.68 லட்சம்தான். ஒரு கை குறைவதும் சுங்க வரி இல்லாததுமே இவ்வளவு இடைவெளியை உண்டாக்குகின்றன.

இடைத்தரகர் என்று விநியோகஸ்தரை ஒரேயடியாகப் பழிப்பதும் நியாயமன்று. ஆண்டுக்குச் சில ஜோடிகளே விற்கும் பொருளுக்கு முதலீட்டை முடக்கிவைக்க வேண்டும். உதிரிபாகங்களைச் சேமித்து வைக்க வேண்டும். பயிற்சி பெற்ற பணியாளர் வேண்டும். ஒலியைக் கேட்டுப் பார்க்கத் தனி அறை வேண்டும். இவற்றுக்கெல்லாம் விலை உண்டு.

சிக்கல் ஏக விநியோக உரிமையில் இருக்கிறது. ஒரு நாட்டுக்கு ஒரே விநியோகஸ்தர் என்று நிறுவனம் தீர்மானித்துவிட்டால், அந்தப் பெயர் கொண்ட கருவிக்கு 'அடுத்த கடை' என்பதே இல்லாமல் போகிறது. உத்தரவாதம் வாங்கிய நாட்டில் மட்டுமே செல்லும் என்ற நிபந்தனை இந்த வேலியை உயர்த்துகிறது. மின்னழுத்தமும் துணைபோகிறது: ஜப்பானில் 100 வோல்ட், இந்தியாவில் 230 வோல்ட். அங்கு விற்கப்படும் ஆம்ப்ளிஃபயரை இங்கு அப்படியே இணைத்தால் பழுதாகிவிடும்.

இந்த வேலியைச் சட்டம் முழுமையாக ஏற்கவில்லை. சாம்சங் பிரிண்டர்கள் தொடர்பான வழக்கில் தில்லி உயர்நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு 2012-இல், வெளிநாட்டில் முறையாக வாங்கிய அசல் பொருளை இறக்குமதி செய்து விற்கலாம் என்று தீர்ப்பளித்தது. அதற்கு சாம்சங் உத்தரவாதமோ பழுதுநீக்கும் சேவையோ தராது என்பதை விற்பவர் வெளிப்படையாக அறிவிக்க வேண்டும் என்றும் கூறியது. தள்ளுபடி தர விடாமல் டீலர்களைக் கட்டுப்படுத்தியதாக மாருதி சுசூகிக்கு இந்தியப் போட்டி ஆணையம் 2021-இல் ரூ.200 கோடி அபராதம் விதித்ததும் (நிறுவனம் மேல்முறையீடு செய்தது) இங்கு நினைவுகூரத்தக்கது. அதிகபட்ச சில்லறை விலை உச்சவரம்புதான். அதற்குக் கீழே பேரம் பேச வாங்குபவருக்கு உரிமை உண்டு.

இதில் அதிகம் இழப்பவர் சிற்றூர்வாசியே. கேட்டுப் பார்க்கும் அறை சென்னையிலோ பெங்களூரிலோ இருக்கிறது. ராஜபாளையத்துக்காரர் பொதிகை விரைவு ரயிலில் ஓர் இரவு பயணம் செய்துதான் அந்த அறையை அடைய முடியும். பழுதானால் கனமான பெட்டியைக் கட்டி அனுப்ப வேண்டியவரும் அவரே. ஆனால், விலையில் அவருக்குச் சலுகை ஏதுமில்லை. தம் ஊரை எட்டாத சேவைக்கும் சேர்த்து அவர் பணம் கொடுக்கிறார்.

ஆகவே, 'எவ்வளவு?' என்பதோடு நிறுத்திவிடாமல், 'இந்த விலைக்கு எனக்கு என்ன கிடைக்கும்?' என்று கேட்க வேண்டும். பழுதுபார்ப்பவர் வீட்டுக்கு வருவாரா, அனுப்பும் செலவு யாருடையது, உதிரிபாகம் எத்தனை ஆண்டுகளுக்குக் கிடைக்கும் என்பவற்றை எழுத்தில் பெற வேண்டும். எழுதித் தர மறுத்தால், அந்தச் சேவைக்கான பணத்தை விலையில் குறைக்கச் சொல்வதே முறை.

விநியோகஸ்தர்களும் உத்தரவாதப் பணியை மாவட்டத் தலைநகரங்கள் வரையிலாவது கொண்டுவர வேண்டும். சேவைக்காக வாங்கும் பங்கு நியாயமானது. சேவை செய்யாமல் வாங்கும் பங்கு, வாங்குபவருக்கு வேறு வழியில்லை என்பதற்காக வசூலிக்கப்படும் சுங்கம் மட்டுமே.