சமகால ஓவியர்களின் கண்ணில் பட்ட பீப்பாய்களும் வேலிகளும்

ஓவியக் கண்காட்சி மண்டபங்களில் நாம் அடிக்கடி செவிமடுக்கும் வினா ஒன்றுண்டு. “இதில் என்ன அழகு இருக்கிறது? இதை எதற்காக வரைந்தார்?” என்பதே அது. இவ்வாறு கேட்பவர்களைக் கலை அறியாதவர்கள் என ஒதுக்கிவிடுவது விமர்சகர்கள் சிலரின் வழக்கம். அது முறையன்று. ஓவியத்தின் முன் நின்று அது எங்கிருந்து வந்தது என்று வினவுவது பார்வையாளரின் உரிமையாகும். இந்நாட்டின் இன்றைய ஓவியர்களைப் பொறுத்தவரை அவ்வினாவுக்கான விடை நாம் எண்ணுவதைவிட எமக்கு மிக அருகிலேயே கிடக்கிறது.

கடந்த நூற்றாண்டின் நடுப்பகுதி வரை இதற்குப் பதிலளிப்பது ஓரளவு இலகுவாக இருந்தது. 1943 ஆம் ஆண்டில் லயனல் வென்ட்டின் முயற்சியால் கொழும்பில் உருவான ‘43 குழு’வின் ஓவியர்கள் ஐரோப்பிய நவீன ஓவியத்தையும் கீழைத்தேய மரபையும் ஒருங்கே நோக்கினர். அவர்களுள் ஒருவரான ஜோர்ஜ் கீற் கீதகோவிந்தத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர்; பொரளை கோதமி விகாரையின் சுவர்களில் ஓவியம் தீட்டியவர். அவரது பெண் உருவங்களைக் காணும் எவரும் ஒரு புறம் பிக்காசோவையும் மறுபுறம் இந்தியச் சிற்பங்களையும் இனங்கண்டுகொள்வர். புராணம், காவியம், காதல், கிராமம் என உந்துதலின் ஊற்றுகளுக்கு அன்று பெயர்கள் இருந்தன.

1983 ஜூலையும் 1988-89 காலப் பகுதியின் தென்னிலங்கைப் படுகொலைகளும் அந்த ஒழுங்கைக் குலைத்துவிட்டன. தொல்லியலாளராகவும் சுவரோவியப் பாதுகாப்பாளராகவும் பயிற்சி பெற்ற ஜகத் வீரசிங்க 1992 ஆம் ஆண்டில் கொழும்பில் நடத்திய கண்காட்சிக்கு ‘பதற்றம்’ எனப் பொருள்படும் பெயரையே சூட்டினார். அங்கு அழகிய உருவங்களுக்கு இடமிருக்கவில்லை. சிங்கள ஓவியர் ஒருவர் தமது சமூகத்தின் பெயரால் நிகழ்ந்தவற்றைத் தமது தூரிகையாலேயே விசாரிக்க முற்பட்டமை அன்றைய சூழலில் சிறிய விடயமன்று. பின்னர் ‘90களின் போக்கு’ எனப் பெயர் பெற்ற கலை இயக்கத்தின் தொடக்கமாகப் பலரும் இக்கண்காட்சியையே கொள்வர்.

அப்போக்கில் எமது வாசகர்கள் மிக எளிதில் விளங்கிக்கொள்ளக்கூடியவர் சந்திரகுப்த தேனுவர. 1996 ஜனவரி 31 ஆம் திகதி மத்திய வங்கிக் கட்டடம் தாக்கப்பட்டதன் பின்னர் தலைநகரின் வீதிகள் எவ்வாறு மாறின என்பதை அக்காலத்தில் கொழும்பில் வாழ்ந்த எவருக்கும் நினைவூட்ட வேண்டியதில்லை. சந்திக்குச் சந்தி சோதனைச் சாவடி. சாவடியின் முன்னால் பச்சையும் கபிலமும் கறுப்புமாக உருமறைப்பு வர்ணம் பூசிய தகரப் பீப்பாய்கள். அவற்றுக்கிடையே அடையாள அட்டையைக் கையில் ஏந்தியவாறு, பொலிஸ் பதிவுத் துண்டு சட்டைப்பையில் இருக்கிறதா எனத் தடவிப் பார்த்தவாறு, எமது தலைமுறையினர் எத்தனை தடவை வரிசையில் நின்றிருப்போம்! தமிழ் பேசியோருக்கு அப்பீப்பாய் அச்சத்தின் அடையாளமாக இருந்தது. ஏனையோருக்கோ நாளடைவில் அது கண்ணுக்குத் தெரியாத பொருளாகிவிட்டது.

தேனுவரவின் கண்ணை உறுத்தியது இந்த இரண்டாவது நிலைதான். உருமறைப்பு வர்ணத்தின் நோக்கம் பொருளை மறைப்பது. நட்டநடு வீதியில் அதனைப் பூசுவதால் எதனையும் மறைக்க முடியாது. எனினும் அது மறைந்துதான் போயிற்று, மக்கள் பழகிவிட்ட காரணத்தினால். 1997 இல் அவர் அப்பீப்பாய்களையே கண்காட்சி மண்டபத்துக்குள் கொண்டுவந்து, ‘பரலிசம்’ எனத் தமது கலைக்குப் பெயரும் சூட்டினார். பீப்பாயைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லை ‘கியூபிசம்’ போன்ற மேனாட்டுக் கலைக் கோட்பாட்டுப் பெயர்களின் வாய்பாட்டில் வைத்த பகிடி அது. ஐரோப்பாவில் கோட்பாடுகள் பிறக்கும், எமது நாட்டில் பீப்பாய்கள் பிறக்கும் என்ற கசப்பும் அதனுள் உண்டு. அன்று தொடக்கம் கறுப்பு ஜூலையை நினைவுகூர்ந்து ஜூலை 23 ஆம் திகதியை ஒட்டி ஆண்டுதோறும் அவர் கண்காட்சிகளை நடத்தி வந்துள்ளமை குறிப்பிடத்தக்கது. 2009 மே மாதத்தில் யுத்தம் முடிவுற்று, பீப்பாய்கள் அகற்றப்பட்டு, நடைபாதைகளுக்குக் கல் பதிக்கப்பட்ட காலத்தில் ‘அழகுபடுத்தல்’ என்பதனையே விடயமாகக் கொண்டு 2013 இல் காட்சி வைத்தார். அவரைப் பொறுத்தவரை அதுவும் ஒருவகை உருமறைப்பே.

வடக்கிற்கு வருவோம். யாழ்ப்பாணத்தில் நவீன ஓவியத்தைப் பற்றிப் பேசும்போது ஆசிரியர் அ. மாற்குவை விட்டுவிட முடியாது. தட்டுப்பாடு மிகுந்த காலத்திலும் கைக்கு எட்டியதைக் கொண்டு வரைந்தவர். வாசுகி, அருந்ததி போன்ற பெண் ஓவியர்களுக்கு வழிகாட்டியவர். 1995 இடப்பெயர்வில் அவரது ஆக்கங்கள் பலவும் தொலைந்தன. ஓர் ஓவியரின் வாழ்நாள் உழைப்பே பறிபோன அந்த மண்ணில் அடுத்த தலைமுறையினர் ‘இழந்த பொருள்’ என்பதனையே தமது விடயமாக்கிக் கொண்டதில் வியப்பில்லை.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் நுண்கலை கற்பிக்கும் தா. சனாதனன் அவர்களுள் முதன்மையானவர். 2011 இல் நூல் வடிவில் வெளிவந்த அவரது ஆக்கத்தை ‘முற்றுப்பெறாத தோம்பு’ எனத் தமிழில் கூறலாம். தோம்பு என்றால் என்னவென்று காணி உறுதியைப் புரட்டியவர்கள் அறிவர். போர்த்துக்கேயர் தொடக்கி, ஒல்லாந்தர் தொடர்ந்த காணிப் பதிவேடு அது. யாருடைய நிலம், எவ்வளவு, எவ்வளவு வரி என்பதை ஆள்வோர் தமது தேவைக்காக எழுதிவைத்த ஏடு. சனாதனன் அதே பெயரில், அலுவலகக் கோப்பு ஒன்றின் தோற்றத்தில், மறுதலையான ஓர் ஏட்டினைத் தயாரித்தார். யுத்தத்தினால் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்த தமிழ் பேசும் மக்களைச் சந்தித்து, தாம் இழந்த வீட்டின் தரைப்படத்தை நினைவிலிருந்து வரைந்து தருமாறு கேட்டார். அவர்கள் வரைந்த கோடுகள் ஒரு தாள். அதனைக் கட்டடக்கலைஞரின் முறைப்படி அளவாக வரைந்தது இன்னொரு தாள். அவர்கள் சொன்ன கதையைக் கேட்டு ஓவியர் தாமே தீட்டியது மூன்றாவது தாள். ஒரு வீட்டுக்கு இவ்வாறு மூன்று சித்திரங்கள்.

இவற்றுள் முதலாவது தாளே எம்மை அதிகம் நிறுத்தி வைக்கிறது. வரையத் தெரியாதவரின் கோடு அது. வீட்டை நினைவிலிருந்து வரையச் சொன்னால் எம்மவர் சுவரோடு நின்றுவிடுவதில்லை. கிணறு எங்கே, மாமரம் எங்கே, மாட்டுக்கொட்டில் எங்கே, விறாந்தையில் ஆச்சி படுக்கும் இடம் எங்கே என்றெல்லாம் கை தானாகவே போகும். கட்டடக்கலைஞரின் தாளில் அறைகள் நேராகிவிடும். சுவர்கள் செங்கோணத்தில் நிற்கும். ஆனால் ஏதோ ஒன்று கழன்றுவிடும். மூன்றாவது தாளில் ஓவியர் தேடுவது அந்தக் கழன்றுபோன ஒன்றைத்தான் என நாம் கருதுகிறோம். அரசாங்கக் காகிதத்துக்கும் மனித நினைவுக்கும் இடையிலான தூரத்தை இவ்வளவு எளிமையாக அளந்த வேறோர் ஆக்கத்தை இந்நாட்டில் நாம் கண்டதில்லை.

இங்கு எமது தமிழ், முஸ்லிம் வாசகர்கள் இருசாராரும் கவனிக்க வேண்டிய ஒன்றுண்டு. 1990 ஒக்டோபர் 30 ஆம் திகதி யாழ்ப்பாண முஸ்லிம்கள் இரண்டு மணித்தியால அவகாசத்தில் தமது வீடுகளை விட்டு வெளியேற்றப்பட்டனர். அம்மாத இறுதிப் பகுதியில் வடக்கு முழுவதிலுமிருந்து விடுதலைப் புலிகளால் துரத்தப்பட்ட முஸ்லிம்களின் தொகை 70,000 இற்கும் மேற்பட்டது. மிகச் சரியாக ஐந்து ஆண்டுகளின் பின்னர், 1995 இல் அதே ஒக்டோபர் 30 ஆம் திகதி, வலிகாமத்துத் தமிழ் மக்கள் இலட்சக்கணக்கில் செம்மணி வழியாகத் தென்மராட்சி நோக்கி நடந்தனர். நாட்காட்டியில் ஒரே திகதி. ஆயினும் இரு சமூகத்தினதும் நினைவு நாட்கள் வேறு வேறாகவே அனுஷ்டிக்கப்படுகின்றன. அரசியல் மேடைகளில் ஒன்றை மற்றதற்கு எதிராக நிறுத்தும் வழக்கமும் ஒழிந்தபாடில்லை. ‘தமிழ் பேசும் மக்கள்’ எனும் சொற்றொடர் தேர்தல் காலங்களில் பலத்த அடி வாங்கிய ஒன்று. எனினும் வீட்டின் தரைப்படத்தை மட்டும் பார்த்து அது சோனகத் தெருவில் இருந்ததா, சுன்னாகத்தில் இருந்ததா என எவராலும் அடித்துக் கூற முடியுமா? கிணற்றடி இரண்டிலும் பின்புறத்தில்தான் இருக்கும்.

சனாதனன் வீட்டை வரைவித்தார் என்றால், அவருக்கு இளைய தலைமுறையைச் சேர்ந்த ஜஸ்மின் நிலானி ஜோசப் வேலியை வரைந்தார். யாழ்ப்பாணத்தில் பிறந்து, இடம்பெயர்வினால் வவுனியாவில் வளர்ந்தவர் அவர். மெல்லிய பேனாக் கோடுகளால், பொறுமையோடு, வேலிகளை ஒவ்வொன்றாகத் தாளில் நிறுத்துகிறார். வேலி என்பது யாழ்ப்பாணத்தவருக்கு வெறும் எல்லையன்று. பூவரசும் கிளுவையும் கதியாலாக நிற்க, கிடுகோ பனையோலையோ வைத்து அடைக்கும் வேலி ஒரு குடும்பத்தின் மானம் எனக் கருதப்பட்டது. அதிலே அயல்வீட்டாருக்கென ஒரு பொட்டும் இருந்தது. அதன் வழியே நெருப்பும் கறியும் கதையும் போய்வந்தன. (கதியாலை ஒரு சாண் தள்ளி நட்டதற்காக வழக்காடி, அக்காணியின் பெறுமதிக்கு மேல் சட்டத்தரணிகளுக்குக் கொடுத்தவர்களும் எம்மிடையே இருந்தனர் என்பதையும் ஒத்துக்கொள்ள வேண்டும்.) யுத்தம் வந்தபோது முட்கம்பி வந்தது. அகதி முகாமில் தகரம் வந்தது. மீள்குடியேற்றத்தில் சீமெந்து மதில் வந்தது. எந்த வேலியில் பொட்டு இருந்தது, எதில் இல்லை என்பதைக் கவனித்துப் பார்த்தாலே ஒரு பிரதேசத்தின் முப்பது ஆண்டுகால வரலாறு விளங்கிவிடும்.

மலையகத்தில் இன்னொரு பொருள். ஹற்றனில் பிறந்து யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஓவியம் பயின்ற ஹனுஷா சோமசுந்தரம், தேயிலைச் சாயம் படிந்த தாளையும் பயன்படுத்தி முடிந்த தேயிலைப் பைகளையும் தமது ஓவியப் பரப்பாகக் கொண்டவர். தோட்டத் தொழிலாளப் பெண்களின் உடல்களும் லயன் அறைகளும் அப்பரப்பில் இடம்பெறுகின்றன. உலகம் குடித்துவிட்டு எறியும் பை அது. மேல்நாட்டுச் சந்தையில் விலையுயர்ந்த வர்ணத்தைத் தேடாமல், தாயின் கையில் ஒட்டியிருந்த கறையையே வர்ணமாக்கிய அந்த முடிவுக்கு விரிவுரை எதுவும் தேவையில்லை.

முஸ்லிம் சமூகத்திலிருந்து வந்த ஓவியர்களைப் பற்றி எமது பத்திரிகைகள் எழுதியது மிகக் குறைவு. முஹன்னத் காதர் அமெரிக்காவின் சிக்காகோவில் கலை பயின்று திரும்பியவர். அவரது நிலக்காட்சிகளும் கடற்காட்சிகளும் வழமையான நீள்சதுரச் சட்டத்துக்குள் அடங்குவதில்லை. வளைந்தும் வெட்டுண்டும் ஒழுங்கற்ற வடிவங்களில் அமைவன. ஐரோப்பியர் இத்தீவை வரைந்தபோது நீள்சதுரச் சட்டமொன்றை வைத்தே நோக்கினர் என்பதையும், அச்சட்டத்தை நாம் இன்னும் கழற்றவில்லை என்பதையும் அவ்வடிவங்கள் உணர்த்துகின்றன. ஃபிரி ரஹ்மானின் வழி வேறு. கொம்பனித் தெருவில் வளர்ந்த அவர் பறவைகளையும் விலங்குகளையும் நுணுக்கமாக வரைபவர். தமது அயலில் அடுக்குமாடிகள் எழுந்து, பழைய குடிகள் பெயர்க்கப்பட்ட வேளையில், அங்கு வாழும் மலாய், முஸ்லிம், தமிழ், சிங்கள மக்களின் முகங்களையும் கதைகளையும் பதிவுசெய்யும் முயற்சியை 2018 இல் நண்பர்களுடன் ஆரம்பித்தார். ‘நாங்கள் இங்கிருந்துதான்’ எனப் பொருள்படும் பெயர் அதற்கு. இடம்பெயர்வு என்பது வடக்குக் கிழக்குக்கு மட்டும் உரிய சொல்லன்று என்பதைக் கொம்பனித் தெருவாசிகள் நன்கு அறிவர்.

இவ்வளவும் கூறிய பின், எமக்குள்ள ஒரு சங்கடத்தையும் மறைக்காமல் எழுத வேண்டும். யுத்தமும் இழப்பும் சிலருக்கு ஆயத்த விடயங்களாகிவிடும் ஆபத்து இருக்கிறது. முட்கம்பி ஒன்றையும் வெற்றுக் கதிரை ஒன்றையும் வரைந்துவிட்டால் வெளிநாட்டார் வாங்குவர் என்ற நினைப்பில் பிறக்கும் ஓவியங்களை நாம் கண்டதுண்டு. அவற்றுக்கும் மேலே கூறியவற்றுக்கும் உள்ள வேறுபாட்டைக் கண்டுகொள்வது கடினமன்று. தேனுவர தாம் அன்றாடம் கடந்துசென்ற பீப்பாயை வரைந்தார்; ஹனுஷா தாம் பிறந்த மலையின் சாயத்தை எடுத்தார். முட்கம்பியைப் படத்தில் மட்டும் பார்த்து வரைந்தவரின் கம்பி குத்துவதில்லை.

இன்னொரு குறையும் உண்டு. இவ்வாக்கங்கள் கொழும்பிலும் டில்லியிலும் ஐரோப்பிய நகரங்களிலும் பார்க்கப்பட்ட அளவுக்கு, எவருடைய வீடும் வேலியும் அவற்றில் இருக்கின்றனவோ அவர்களால் பார்க்கப்படவில்லை. 2019 டிசம்பரில் கொழும்பில் நவீன மற்றும் சமகாலக் கலை அருங்காட்சியகம் ஆரம்பிக்கப்பட்டு, மும்மொழிகளிலும் விளக்கங்களுடன் காட்சிகளை வைத்தமை வரவேற்கத்தக்கது. ஆனால் காங்கேசன்துறையிலிருந்தோ அக்கரைப்பற்றிலிருந்தோ ஒரு பாடசாலை தனது சித்திரபாட மாணவர்களை அங்கு அழைத்து வருவதற்குப் பேருந்துக் கட்டணமே பெருந்தடை. புத்தளத்திலும் மட்டக்களப்பிலும் ஹற்றனிலும் நகரசபை மண்டபங்கள் இருக்கின்றன, நூலகங்கள் இருக்கின்றன. அங்கு இவை ஒரு வாரமேனும் தொங்கவிடப்படுவதற்கு இலட்சங்கள் தேவையில்லை.

இதற்கு முன்னுதாரணமும் எம்மிடமே உண்டு. 1981 இல் ஏறத்தாழ 97,000 நூல்களுடன் எரிக்கப்பட்டு, பின்னர் மீளக் கட்டியெழுப்பப்பட்ட யாழ். பொது நூலகத்தில் 2004 இல் ‘அகம் புறம்’ என்ற கண்காட்சி நடைபெற்றது. அதற்காகச் சனாதனன் குடாநாட்டின் நூற்றுக்கணக்கான வீடுகளில் ஒவ்வொரு பொருளாகக் கேட்டுப் பெற்றுக் காட்சிக்கு வைத்தார். பொருளைக் கொடுத்தவர்கள் தாமே நடந்து வந்து, தமது பொருளையும் அடுத்த வீட்டாரின் பொருளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கக்கூடிய தூரத்தில் அந்த மண்டபம் இருந்தது.