மைத்துனன் பறித்த மணிமுடி
ஜேம்ஸ் வென்றிருந்தால் சரித்திரம் மாறியிருக்குமா?

1349-ம் ஆண்டு அக்டோபர் மாதம் 25-ந் தேதி. மத்தியதரைக் கடலின் மேற்குப் பகுதியில் உள்ள மயோர்க்கா தீவில், லுக்மயோர் என்ற ஊருக்கு அருகே பயங்கரச் சண்டை நடந்தது.

இழந்த நாட்டை மீட்க வந்த மன்னன் மூன்றாம் ஜேம்ஸ் அந்தக் களத்தில் கொல்லப்பட்டான். அவனுக்கு வயது 34. சிறுவனான அவன் மகன் சிறை பிடிக்கப்பட்டான்.

ஜேம்சை வீழ்த்தியது யாரோ அந்நியனுடைய சேனை அல்ல. அவனுடைய மனைவியின் தம்பி அனுப்பிய சேனை!

அன்று ஜேம்ஸ் வென்றிருந்தால்?

தந்தை செய்த பாகப்பிரிவினை

மயோர்க்கா இப்போது ஸ்பெயின் நாட்டைச் சேர்ந்தது. 1229-ல் அரகான் மன்னன் முதலாம் ஜேம்ஸ், முஸ்லிம் ஆட்சியாளர்களிடம் இருந்து அதைப் பிடித்தான்.

1276-ல் அவன் இறந்ததும் நாடு இரண்டு பங்காயிற்று. பெரிய பங்கு மூத்த மகன் பீட்டருக்கு. இளைய மகன் ஜேம்சுக்கு மயோர்க்கா தீவு கிடைத்தது. கடலுக்கு அப்பால், இன்றைய பிரான்சில் உள்ள பெர்ப்பிஞான், மாம்பெலியே நகரங்களும் கிடைத்தன. வீடு ஓர் ஊரிலும், நிலம் வேறு ஊரிலுமாகப் பிரித்துக் கொடுத்த கதைதான்!

அண்ணன் சும்மா இருக்கவில்லை. 1279-ல், தம்பி தனக்கு அடங்கியவன் என்று ஒப்பந்தம் செய்து கொண்டான். தகராறு அன்றே தொடங்கியது.

ஆயினும் சின்ன ராஜ்யம் செழித்தது. மயோர்க்காவில் பெல்வர் என்னும் வட்டவடிவக் கோட்டை எழுந்தது. கப்பல் வணிகம் பெருகியது. கடல் வரைபடம் எழுதுவதில் தீவுக்காரர்கள் கெட்டிக்காரர்கள் ஆனார்கள். 1342-ல் மயோர்க்கா மாலுமிகள் அட்லாண்டிக் கடலில் உள்ள கனேரித் தீவுகளுக்குப் புறப்பட்டார்கள். கொலம்பஸ் பிறப்பதற்கு நூறு ஆண்டுகளுக்கும் முன்பு இது!

மரப்பாலம்

அதே 1342-ல்தான் விபரீதமும் வந்தது.

அரகானை அப்போது நான்காம் பீட்டர் ஆண்டான். அவனுடைய அக்காள் கான்ஸ்டன்ஸ்தான் மூன்றாம் ஜேம்சின் மனைவி. ஜேம்ஸ் தன் இஷ்டப்படி நாணயம் அடிக்கிறான், தனக்கு அடங்கி நடக்கவில்லை என்று பீட்டர் குற்றம் சாட்டினான். சமாதானம் பேச ஜேம்ஸ் மனைவியுடன் பார்சலோனாவுக்குக் கப்பலில் வந்தான். தங்கும் இடத்துக்கும் கடலுக்கும் இடையே மரப்பாலம் போடப்பட்டது.

"என்னைக் கடத்திச் செல்லவே அந்தப் பாலம்" என்றான் பீட்டர். உண்மையா, சாக்கா? பீட்டர் தன் சரித்திர நூலில் அப்படித்தான் எழுதி வைத்தான். அக்காளைத் தன்னிடமே நிறுத்திக்கொண்டான். ஜேம்ஸ் மனைவியை விட்டுவிட்டுக் கோபத்தோடு ஊர் திரும்பினான்.

1343-ல் பீட்டரின் படை மயோர்க்காவைப் பிடித்தது. அடுத்த ஆண்டு பெர்ப்பிஞானும் போயிற்று. கணவனுக்கும் தம்பிக்கும் நடுவே தவித்த கான்ஸ்டன்ஸ் 1346-ல் கண்ணை மூடினாள்.

ஜேம்சிடம் மிஞ்சியது மாம்பெலியே ஒன்றுதான். 1349-ல் அதையும் பிரெஞ்சு மன்னனுக்கு 1,20,000 பொன் நாணயங்களுக்கு விற்றான். அந்தப் பணத்தில் திரட்டிய படையுடன்தான் லுக்மயோருக்கு வந்தான்.

வென்றிருந்தால்?

கனேரித் தீவுகளில் மயோர்க்காவின் கொடி பறந்திருக்கலாம். அந்தத் தீவுகள் பின்னால் காஸ்தீல் நாட்டின் கைக்குப் போயின. 1492-ல் கொலம்பஸ் அங்கே தங்கிவிட்டுத்தான் மேற்கே பயணம் தொடர்ந்தான். அந்த வழியின் சாவி மயோர்க்கா மன்னர்களிடம் இருந்திருக்கும்!

ஆனால், வெற்றி நிலைத்திருக்குமா? விற்க இனி ஊர் இல்லை. 1348-ல் வந்த கொள்ளைநோய் தீவைச் சூறையாடி இருந்தது. பீட்டர் மறுபடியும் பெரிய படையை அனுப்பியிருப்பான்.

ஆகவே, ராஜ்யத்தின் விதி போர்க்களத்தில் எழுதப்படவில்லை. பார்சலோனாவில், உறவினர் இருவரும் ஒருவரை ஒருவர் நம்ப மறுத்த அன்றே எழுதப்பட்டுவிட்டது. அங்கே சமாதானம் ஏற்பட்டிருந்தால் சரித்திரம் மாறியிருக்கலாம்.

ஜேம்சின் மகன் பார்சலோனாவில் அடைக்கப்பட்டான். இரவில் இரும்புக் கூண்டில் பூட்டினார்கள். 1362-ல் தப்பி, அடுத்த ஆண்டு நேப்பிள்ஸ் ராணியை மணந்தான். தந்தையின் நாட்டை மீட்கப் போராடி, 1375-ல் தோல்வியோடு இறந்தான்.

தோற்றவர்கள் விட்டுச் சென்றவை அழியவில்லை. சமையற்காரர் முதல் வைத்தியர் வரை அரண்மனை ஊழியர்களின் கடமைகளை வகுத்து, 1337-ல் மூன்றாம் ஜேம்ஸ் ஒரு சட்ட நூல் செய்திருந்தான். நாட்டைப் பறித்த பீட்டர், அதைப் பின்பற்றியே தன் அரண்மனைக்கும் விதி வகுத்தான்!

மகன் இறந்த 1375-ஐ ஒட்டித்தான் மயோர்க்காவில் புகழ்பெற்ற உலக வரைபடம் ஒன்று உருவாயிற்று. ஆபிரகாம் கிரெஸ்கஸ் என்ற யூதர் வரைந்ததாகக் கருதப்படும் அது, பாரிஸ் தேசிய நூலகத்தில் இருக்கிறது. இந்தியாவையும் சீனாவையும் அதில் காணலாம்.

மணிமுடி போயிற்று. மாலுமிக்கு வழிகாட்டிய வரைபடம் நிலைத்துவிட்டது.