எதிர்க் கட்சிக்கும் இடம் கொடுத்த பத்திரிகை!

பத்திரிகை நடத்தப் பணம் இருந்தால் போதுமா? போதாது. நம்பிக்கையான ஆட்கள் வேண்டும். விஞ்ஞானப் பத்திரிகைக்கு இது இன்னும் அவசியம்.

உப்பு, சுண்ணாம்பு, மயில்துத்தம், இரும்புத் துரு - இவற்றைப் போன்ற பொருள்களை ஆராய்வது கனிம ரசாயனம். இதற்கென்றே 1892-ம் ஆண்டு ஜெர்மனியில் ஒரு பத்திரிகை பிறந்தது. தொடங்கியவர் மியூனிக் நகரில் ரசாயனம் கற்பித்து வந்த கெர்ஹார்ட் குரூஸ். அப்போது அவருக்கு வயது 32.

முகப்பில் பெயர்கள்

சின்ன வயதுக்காரர் தொடங்கிய புதுப் பத்திரிகையை யார் நம்புவார்கள்?

"இன்னின்னார் ஒத்துழைப்புடன் வெளிவருகிறது" என்று முகப்பிலேயே பல நாட்டு நிபுணர்களின் பெயர்கள் அச்சாயின. ரஷ்யாவின் மெண்டலீவ், பிரான்சின் பெர்த்தெலோ, ஜெர்மனியின் விங்ளர், சுவீடனின் புளோம்ஸ்ட்ராண்ட் ஆகியோர் அவர்களில் சிலர்.

"இப்படி ஒரு தனிமம் இருக்க வேண்டும்" என்று 1871-ல் சொன்னவர் மெண்டலீவ். 1886-ல் அதைக் கண்டுபிடித்தவர் விங்ளர். அதுதான் ஜெர்மானியம். சொன்னவரும் கண்டவரும் ஒரே பத்திரிகையில் சேர்ந்தார்கள்!

வந்தது சோதனை

கோபால்ட் என்ற உலோகமும் அம்மோனியாவும் சேர்ந்தால் மஞ்சள், பச்சை, ஊதா எனப் பல நிற உப்புகள் கிடைக்கும். அவற்றில் அம்மோனியா சங்கிலி போலக் கோத்திருக்கிறது என்பது புளோம்ஸ்ட்ராண்டின் கொள்கை. டென்மார்க்கின் ஜார்கென்சன் அதை வளர்த்தார்.

1893-ல் சூரிச் நகரிலிருந்து 26 வயது வாலிபர் ஒருவர் கட்டுரை எழுதினார். அவர் பெயர் ஆல்பிரட் வெர்னர். "சங்கிலி அல்ல, உலோக அணு நடுவில் இருக்கிறது. மற்றவை அதைச் சுற்றி நிற்கின்றன" என்பது அவர் வாதம்.

முகப்பில் பெயர் உள்ள பெரியவரின் கொள்கையையே தகர்க்கும் கட்டுரை! அதையும் பத்திரிகை வெளியிட்டது. ஜார்கென்சனின் மறுப்பும் அதிலேயே வந்தது.

சண்டை பல ஆண்டுகள் நடந்தது. தம் கொள்கைப்படி இருக்க வேண்டிய ஓர் ஊதா உப்பை 1907-ல் வெர்னர் தயாரித்துக் காட்டினார். ஜார்கென்சன் தோல்வியை ஒப்புக்கொண்டார். 1913-ல் வெர்னருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இன்று எப்படி?

இன்றும் ரசாயனப் பத்திரிகைகள் ஆசிரியர் குழுவுக்கு ஆள் தேடுகின்றன. துறையில் தேர்ந்தவரா? பிறர் கட்டுரையைப் பொறுமையாகப் படிப்பவரா? கேட்ட நாளுக்குள் குறை நிறை சொல்பவரா? இவற்றைப் பார்க்கிறார்கள். பல நாட்டினரும் குழுவில் இருக்க வேண்டும். பெரும்பாலும் இதற்குச் சம்பளம் கிடையாது. தம் மாணவரின் கட்டுரை வந்தால், தீர்ப்புச் சொல்லாமல் ஒதுங்கிவிட வேண்டும்.

தமக்குப் பிடிக்காத கருத்தும் அச்சேறலாம் என்று நினைப்பவரே இந்த வேலைக்குத் தகுந்தவர்.

குரூஸ் 1895-ல், 35-வது வயதிலேயே காலமானார். அவர் தொடங்கிய பத்திரிகை நூறாண்டு கடந்து இன்றும் வெளிவருகிறது!