மறந்துவிடு என்று சொல்லாத மருத்துவர்

முதல் உலகப் போரில், நண்பனைத் தேடிப் போன ஓர் இளம் ராணுவ அதிகாரி அவன் உடலைச் சிதறிய நிலையில் கண்டார். தலை ஓரிடம், கைகால்கள் ஓரிடம். அன்றிலிருந்து நண்பன் கனவில் வரத் தொடங்கினான். சில இரவுகளில் களத்தில் கிடந்த கோலத்தில். சில இரவுகளில் தொழுநோய் தின்ற முகத்தோடு. மெல்ல நெருங்கி வருவான். திடுக்கிட்டு விழித்தால் உடம்பெல்லாம் வியர்வை. பொழுது விடிந்ததும் அடுத்த இரவை எண்ணிப் பயம் தொடங்கிவிடும்.

அவருக்குக் கிடைத்த அறிவுரை: போரைப் பற்றி நினைக்காதே.

பட்டாளத்திலிருந்து திரும்பிய பிள்ளையிடம் நம் வீடுகளிலும் இதைத்தானே சொல்கிறோம்? அன்பினால்தான் சொல்கிறோம். ஆனால் நினைவை அப்படி அமுக்கி வைப்பதே துன்பத்தை வளர்க்கிறது என்று 1917 டிசம்பரில் லண்டனில் மருத்துவர்கள் முன் எடுத்துரைத்தார் மருத்துவர் டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ். இந்த அதிகாரியின் கதை அந்த உரையில் வருவதுதான்.

ரிவர்ஸ் நமக்கு அயலார் அல்ல. 1901-02-ல் நீலகிரியில் தோடர்களிடையே ஆய்வு செய்து, 1906-ல் அவர்களைப் பற்றிப் பெரிய நூல் எழுதியவர். இறந்த மூதாதையரின் பெயரை வாயால் சொல்வது தோடர்களுக்கு ஆகாது. அதனால் ஒரு குடும்பத்தின் வம்சாவளியை வேறு குடும்பத்தாரிடம் பொறுமையாகக் கேட்டுத் தொகுத்தார். ரிவர்ஸுக்கே திக்குவாய் இருந்தது. சொல்ல முடியாத ஒன்று மனிதருக்குள் எப்படிக் கிடக்கும் என்பதை அவர் மலையிலேயே கற்றுக்கொண்டிருப்பார் என்று எனக்குத் தோன்றுகிறது.

போர்க்காலத்தில் எடின்பரோவை ஒட்டிய கிரெய்க்லாக்கார்ட் மருத்துவமனையில் அதிகாரிகளுக்கு அவர் சிகிச்சை அளித்தார். கவிஞர் சிக்ஃபிரீட் சசூன் அங்கே அவருடைய நோயாளி. அப்போது இந்நோய்க்கு ‘ஷெல் ஷாக்’ என்று பெயர். குண்டின் அதிர்வு நரம்பைக் குலைத்துவிடுகிறது என்றுதான் முதலில் எண்ணினார்கள். குண்டு பக்கத்தில் விழாதவர்களுக்கும் அதே நடுக்கம், அதே பேச்சிழப்பு வந்தபோது அந்த விளக்கம் நிற்கவில்லை. லண்டனில் லூயிஸ் யெல்லண்ட் என்ற மருத்துவர், பேச்சிழந்த சிப்பாய்களின் தொண்டையில் மின்சாரம் பாய்ச்சிப் பேசவைத்துக்கொண்டிருந்தார். படிக்கவே மனம் பதறுகிறது.

ரிவர்ஸோ காதுகொடுத்துக் கேட்டார். கேட்டபின் அந்த அதிகாரியிடம் ஒன்றைச் சுட்டிக்காட்டினார்: உடல் அவ்வளவு சிதறியிருக்கிறது என்றால், உங்கள் நண்பர் அந்தக் கணமே இறந்திருக்கிறார், நெடுநேரம் வலியில் துடிக்கவில்லை. அதிகாரியின் முகம் தெளிந்தது. சில இரவுகள் கனவே வரவில்லை. பிறகு ஒரு நாள் மீண்டும் அதே களம், அதே உடல். ஆனால் பயம் இல்லை. அருகே மண்டியிட்டு, வீட்டாருக்குக் கொடுப்பதற்காக நண்பனின் இடைவாரைக் கழற்றிக்கொண்டிருந்தார். விழித்தபோது மெல்ல அழுதுகொண்டிருந்தார். நண்பனை இழந்த துக்கம் மட்டுமே மிஞ்சியிருந்தது.

இன்றைய அறிவியலும் ஏறத்தாழ இதே வழியில்தான் வந்து நிற்கிறது. வியட்நாம் போர் வீரர்களின் நெடிய போராட்டத்துக்குப் பிறகு, 1980-ல் அமெரிக்க மனநல மருத்துவக் கையேட்டில் இந்நோய் இடம்பெற்றது. எட்னா ஃபோவா உருவாக்கிய சிகிச்சையில், நடந்ததை இப்போது நடப்பதுபோல வீரர் திரும்பத் திரும்பச் சொல்கிறார். ஒலிப்பதிவை வீட்டிலும் கேட்கிறார். 8 முதல் 15 அமர்வுகள். பழைய நினைவு அழிவதில்லை. மூளையின் அமிக்டலா பகுதி எழுப்பும் அபாய மணியை, ‘இது நினைவுதான், ஆபத்து இல்லை’ என்ற புதிய பாடம் மெல்லத் தணிக்கிறது. பேட்ரிஷியா ரெசிக் வகுத்த முறையோ, ‘என்னால்தான் அவன் செத்தான்’ போன்ற முடிவுகளை எடுத்துவைத்து, அது உண்மையா என்று ஆராய்கிறது. ரிவர்ஸ் அந்த அதிகாரியோடு செய்ததற்கு இது மிக நெருக்கம்.

ஆனால் அதே உரையில் ரிவர்ஸ் இன்னொருவரைப் பற்றியும் சொன்னார். வெடிப்பில் தூக்கி வீசப்பட்டு, பல நாள் அழுகிய பிணத்தின் வயிற்றில் முகம் குப்புற விழுந்தவர். அந்த நினைவில் பிடித்துக்கொள்ள ஆறுதலான இழை ஒன்றுகூட ரிவர்ஸுக்கு அகப்படவில்லை. நாட்டுப்புறத்தில், போரை நினைவூட்டும் எதுவும் இல்லாத இடத்தில் மட்டும் அந்த மனிதருக்குச் சற்று நிம்மதி இருந்தது. ராணுவத்தை விட்டு அங்கேயே போகட்டும் என்று விட்டுவிட்டார். தோற்றதை மறைக்காமல் சபையில் சொன்னதற்காகவே ரிவர்ஸ் மீது எனக்கு மரியாதை கூடுகிறது.

அந்த இரண்டாம் மனிதரின் நிலையில் இன்றும் பலர் நிற்கிறார்கள். மேற்சொன்ன இரு சிகிச்சைகளையும் பெற்ற படைவீரர்களைப் பற்றி 2015-ல் வெளியான ஆய்வுத் தொகுப்பு ஒன்று, பலருக்குத் துன்பம் குறைந்தாலும், சுமார் மூன்றில் இரண்டு பங்கினருக்கு நோய் நீங்கவில்லை என்று காட்டியது. பாதியிலேயே நின்றுவிடுபவர்களும் உண்டு. மருத்துவமனை என்றாலே ஒதுங்குகிறவர்களும் உண்டு.

மருத்துவமனை மட்டும் போதாது என்பதை வியட்நாமிலிருந்து திரும்பியவர்கள் முன்பே உணர்ந்திருந்தார்கள். 1970 வாக்கில் நியூயார்க்கில் அவர்களே கூடி உட்கார்ந்து பேசத் தொடங்கினார்கள். மனநல மருத்துவர்கள் சிலர் உடன் உட்கார்ந்தார்கள். 1979-ல் அமெரிக்க அரசு, மருத்துவமனைகளுக்கு வெளியே, ஊர்களுக்குள்ளேயே படைவீரர் மையங்களைத் திறந்தது. அங்கே வேலை பார்ப்பவர்களில் பலர், போருக்குப் போய்த் திரும்பியவர்கள்.