கோப்பு ஒத்திசைவு

கோப்பு ஒத்திசைவு என்பது இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட கணினிகளில் உள்ள கோப்புகளை ஒரே நிலையில் வைத்திருக்கும் செயல்முறையாகும். ஒரு கணினியில் கோப்பு சேர்க்கப்பட்டாலோ, திருத்தப்பட்டாலோ, நீக்கப்பட்டாலோ அதே மாற்றம் மற்றக் கணினிகளிலும் செய்யப்படுகிறது. கல்லூரி ஆய்வகக் கணினி, வீட்டு மடிக்கணினி, திறன்பேசி எனப் பல கருவிகளில் வேலை செய்வோருக்கு இது அன்றாடத் தேவையாகிவிட்டது. ஒத்திசைவும் காப்புப்பிரதி எடுத்தலும் வெவ்வேறானவை. இரண்டையும் ஒன்றெனக் கருதுவதால் பலர் தம் கோப்புகளை இழக்கின்றனர்.

தேவை

ஓர் ஆவணத்தைப் பென் டிரைவிலும் மின்னஞ்சலிலும் மாற்றி மாற்றி எடுத்துச் செல்லும்போது அதன் பிரதிகள் பெருகுகின்றன. "ஆய்வேடு", "ஆய்வேடு புதியது", "ஆய்வேடு இறுதி", "ஆய்வேடு இறுதி 2" என்று பெயர்கள் நீளும். அண்மைய பிரதி எது என்பது சில வாரங்களில் மறந்துவிடும். பழைய பிரதியைத் தவறுதலாகத் திறந்து திருத்தினால் ஆவணம் இரண்டு கிளைகளாகப் பிரிகிறது. ஒன்றில் செய்த திருத்தம் மற்றொன்றில் இராது. பின்னர் இரண்டையும் வரிவரியாக ஒப்பிட்டுத்தான் இணைக்க இயலும்.

வரலாறு

அமெரிக்காவின் கார்னெகி மெல்லன் பல்கலைக்கழகத்தில் 1980களில் உருவான ஆண்ட்ரூ கோப்பு முறைமை, வளாகத்தின் எந்தக் கணினியில் அமர்ந்தாலும் ஒருவர் தம் கோப்புகளைப் பெற வழி செய்தது. அதன் வழித்தோன்றலான கோடா கோப்பு முறைமை, பிணைய இணைப்பு அறுந்த நிலையிலும் வேலையைத் தொடரவும், இணைப்பு மீண்டதும் மாற்றங்களை வழங்கியில் சேர்க்கவும் உதவியது. இப்பணிகளில் முதன்மைப் பங்காற்றியவர் மகாதேவ் சத்தியநாராயணன். இவர் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பயின்றவர்.

விண்டோசு 95 இயங்குதளத்தில் "பிரீஃப்கேஸ்" என்னும் வசதி இருந்தது. இதன் மூலம் நெகிழ்வட்டிலோ மடிக்கணினியிலோ எடுத்துச் சென்ற கோப்புகளை மூலக் கோப்புகளுடன் ஒப்பிட்டுப் புதுப்பிக்க முடிந்தது. 1996இல் ஆண்ட்ரூ டிரிட்ஜெல், பால் மக்கெராஸ் ஆகியோர் ஆர்சிங்க் என்னும் கட்டற்ற மென்பொருளை வெளியிட்டனர். 2008இல் டிராப்பாக்ஸ் பொதுப் பயன்பாட்டுக்கு வந்தது. பேருந்துப் பயணம் ஒன்றில் பென் டிரைவை மறந்துவிட்டு வந்ததே இதை எழுதத் தூண்டியதாக அதன் நிறுவனர்களுள் ஒருவரான டுரூ ஹூஸ்டன் கூறியுள்ளார். கூகுள் டிரைவ் 2012இல் அறிமுகமானது. நடுவில் வழங்கி இன்றிக் கணினிகளை நேரடியாக ஒத்திசைக்கும் சிங்க்திங் என்னும் திறமூல மென்பொருள் 2013இல் வெளிவந்தது.

இயங்கும் முறை

ஒத்திசைவில் முதன்மையான சிக்கல், என்ன மாறியது என்பதைக் கண்டறிவது. வீட்டுக் கணினியில் ஒரு கோப்பு இருக்கிறது, கல்லூரிக் கணினியில் இல்லை என்று கொள்வோம். அது வீட்டில் புதிதாக உருவாக்கப்பட்டிருக்கலாம். அல்லது கல்லூரியில் நீக்கப்பட்டிருக்கலாம். இரு கணினிகளின் இப்போதைய நிலையை மட்டும் பார்த்து இதற்கு விடை காண இயலாது. எனவே ஒத்திசைவு மென்பொருள்கள் கடந்த முறை இரு பக்கமும் எப்படி இருந்தன என்பதைக் குறித்து வைக்கின்றன. அந்தப் பதிவில் கோப்பு இருந்தால் அது கல்லூரியில் நீக்கப்பட்டது. இல்லையெனில் வீட்டில் புதிதாக வந்தது.

திருத்திய நேரத்தை மட்டும் ஒப்பிடும் முறை எளியது. ஆயினும் கணினிக் கடிகாரம் தவறாக இருந்தால் பழைய கோப்பே புதியதாகக் கருதப்பட்டு, உண்மையில் புதியது அழியக்கூடும். ஆகவே பல மென்பொருள்கள் கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும் சரிபார்ப்பு எண்ணையும் பயன்படுத்துகின்றன. ஆர்சிங்க் மென்பொருள் கோப்பைத் துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டின் சரிபார்ப்பு எண்ணையும் ஒப்பிட்டு, மாறிய பகுதியை மட்டுமே அனுப்புகிறது. பெரிய கோப்பில் ஒரு வரி மாறினால் முழுக் கோப்பையும் அனுப்ப வேண்டியதில்லை.

முரண்பாடு

ஒத்திசைவு நிகழும் முன்னரே ஒரே கோப்பு இரண்டு கணினிகளிலும் திருத்தப்பட்டால் முரண்பாடு ஏற்படுகிறது. எந்தத் திருத்தம் வேண்டும் என்பதை மென்பொருளால் அறிய இயலாது. டிராப்பாக்ஸ், சிங்க்திங் போன்றவை இரண்டையும் வைத்துக்கொண்டு, ஒன்றின் பெயரில் முரண்பட்ட பிரதி என்ற குறிப்பைச் சேர்க்கின்றன. இத்தகைய கோப்பைக் கண்டவுடன் அழிப்பது தவறு. சில மணி நேர உழைப்பு அதில் மட்டுமே இருக்கக்கூடும். நிரல்களையும் வெற்று உரைகளையும் கையாள்வோர், லினசு டோர்வால்ட்சு 2005இல் உருவாக்கிய கிட் போன்ற பதிப்புக் கட்டுப்பாட்டு மென்பொருளைப் பயன்படுத்துகின்றனர். ஒரே கோப்பின் வெவ்வேறு வரிகளில் செய்த மாற்றங்களை அது தானாகவே இணைக்கும்.

ஒத்திசைவும் காப்புப்பிரதியும்

ஒத்திசைவு நல்ல மாற்றத்தையும் தீய மாற்றத்தையும் வேறுபடுத்துவதில்லை. ஒரு கணினியில் கோப்புறை தவறுதலாக நீக்கப்பட்டால் மற்றக் கணினிகளிலும் அது நீங்கிவிடும். பணயத் தீநிரல் கோப்புகளை மறையாக்கம் செய்தால் அந்தச் சிதைந்த கோப்புகளே எங்கும் பரவும். சில சேவைகள் நீக்கிய கோப்பைச் சிறிது காலம் வைத்திருக்கின்றன. கூகுள் டிரைவின் குப்பைத்தொட்டியில் அது 30 நாட்கள் மட்டுமே இருக்கும். அதற்குப் பின் கவனித்தால் மீட்க இயலாது.

ஆகவே ஒத்திசைவுக்கு வெளியே ஒரு காப்புப்பிரதி இருப்பது இன்றியமையாதது. மூன்று பிரதிகள், இரண்டு வகை ஊடகங்கள், ஒன்று வேறு இடத்தில் என்ற 3-2-1 விதி இதற்குப் பரவலாகப் பரிந்துரைக்கப்படுகிறது. எடுத்துக்காட்டாக, வேலைக் கோப்பு மடிக்கணினியிலும், ஒரு பிரதி மேகச் சேமிப்பிலும், வாரம் ஒருமுறை எடுக்கும் பிரதி புற வன்தட்டிலும் இருக்கலாம். பிரதி எடுத்தபின் வன்தட்டைக் கணினியிலிருந்து கழற்றி வைப்பது நல்லது.

தமிழ்க் கோப்புப் பெயர்கள்

தமிழில் பெயரிடப்பட்ட கோப்புகளுக்குத் தனிச் சிக்கல்கள் உண்டு. ஒருங்குறியில் "கோ" என்ற எழுத்தின் ஓகாரக் குறியை ஒரே குறியீடாகவும், இரட்டைக்கொம்பு, கால் என இரண்டு குறியீடுகளாகவும் எழுதலாம். மேக் கணினிகளின் பழைய கோப்பு முறைமை பெயர்களைப் பிரித்த வடிவில் சேமித்தது. லினக்சு இவ்விரு வடிவங்களையும் வெவ்வேறு பெயர்களாகவே கருதும். இதனால் கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் இரண்டு கோப்புகள் தோன்றக்கூடும்.

லினக்சில் கோப்புப் பெயரின் உச்ச நீளம் பொதுவாக 255 பைட்டுகள். யூடிஎப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் 3 பைட்டுகள் எடுப்பதால் 85 குறியீடுகளே அடங்கும். விண்டோசில் இதைவிட நீளமாக வைத்த தமிழ்ப் பெயர் லினக்சில் ஏற்கப்படாது. மேலும் கேள்விக்குறி, முக்காற்புள்ளி போன்றவற்றை விண்டோசு கோப்புப் பெயர்களில் அனுமதிப்பதில்லை. சுருக்கமான பெயர்களே எங்கும் இயங்கும்.

நடைமுறைகள்

ஒத்திசைவு சிக்கலின்றி நடக்கப் பின்வரும் பழக்கங்கள் உதவும்.

- வேலைக் கோப்புகள் அனைத்தையும் ஒரே முதன்மைக் கோப்புறைக்குள் வைத்து, அதை மட்டும் ஒத்திசைத்தல். முகப்புத் திரையில் சிதறிக் கிடக்கும் கோப்புகளே பெரும்பாலும் விடுபடுகின்றன.
- பெயரில் நாளைச் சேர்க்கும்போது 2025-03-09 என ஆண்டு, மாதம், நாள் வரிசையில் எழுதுதல். அப்போது பெயர் வரிசையே கால வரிசையாகவும் அமையும்.
- கணினியை அணைக்கும் முன் ஒத்திசைவு முடிந்ததை உறுதி செய்தல். அடுத்த கணினியில் அது முடிந்த பின்னரே கோப்பைத் திறத்தல்.
- ஐமேப் நெறிமுறையில் மின்னஞ்சலைப் பெறுதல். இதில் அஞ்சல்கள் வழங்கியிலேயே இருப்பதால் எல்லாக் கருவிகளிலும் ஒரே நிலை தெரியும்.
- ஆய்வகம், இணைய மையம் போன்ற பொதுக் கணினிகளில் ஒத்திசைவு மென்பொருளை நிறுவாமல் உலாவி வழியே பணியாற்றி, முடிவில் கணக்கிலிருந்து வெளியேறுதல்.
- காப்புப்பிரதியிலிருந்து அவ்வப்போது ஒரு கோப்பை மீட்டுத் திறந்து பார்த்தல். திறக்க இயலாத காப்புப்பிரதி, தேவைப்படும் நாளில் பயன்படாது.