மோவாயில் அடி, காதருகே முறிவு

பைக்கிலிருந்து விழுந்தவருக்கு மோவாயில் தையல் போட்டாயிற்று. தாடை முழுவதையும் ஒரே படத்தில் காட்டும் ஓபிஜி எக்ஸ்ரேயும் எடுத்தாயிற்று. முறிவு எதுவும் தெரியவில்லை என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மறுநாள் காலை அவர் சொல்கிறார்: “மேல்பல்லும் கீழ்ப்பல்லும் முன்ன மாதிரி சேரலைங்க.” என்னைக் கேட்டால், கையில் இருக்கும் படத்தைவிட இந்தப் பேச்சுக்குத்தான் அதிக மதிப்புக் கொடுப்பேன். ஏன் என்று சொல்கிறேன், டீயைக் குடித்துக்கொண்டே கேளுங்கள்.

கீழ்த்தாடையின் இரு முனைகளும் காதுக்குச் சற்று முன்னால் மண்டையோட்டோடு மூட்டாகப் பொருந்துகின்றன. மண்டையோட்டையும் சேர்த்துப் பார்த்தால் அது ஒரு முழு வளையம். கண்ணாடி வளையலை அழுத்தினால் ஓரிடத்தில் மட்டுமா உடைகிறது? மோவாயில் பட்ட அடி எலும்பு வழியே மேலேறி, மூட்டுக்குக் கீழே உள்ள மெல்லிய கழுத்துப் பகுதியை முறித்துவிடக்கூடும்; பல் முன்போலச் சேராமல் போவது அதனால்தான். சில சமயம் மோவாய், இரண்டு பக்க மூட்டுக் கழுத்து என மூன்று இடமும் போகும். அணிவகுப்பில் நின்றபடியே மயங்கி, முகம் குப்புற விழும் காவல்படை வீரர்களை வைத்து இதற்குக் ‘கார்ட்ஸ்மேன் முறிவு’ என்றே ஒரு பெயர் உண்டு. அதனால் படம் பார்த்துப் பழகியவர் ஒரு முறிவைக் கண்டதும் நிறுத்தமாட்டார், அடுத்ததைத் தேடுவார்.

சரி, ஓபிஜியில் ஏன் தப்பியது? அந்த இயந்திரம் தலையைச் சுற்றி வந்து, வளைவான ஒரு பட்டையை மட்டும் தெளிவாகப் பதிகிறது. முன்பக்கத்தை எடுக்கும்போது கழுத்துப் பகுதி முதுகெலும்பின் நிழல் குறுக்கே விழும். மோவாயின் நடுவில் உள்ள விரிசல் அதில் கரைந்துபோகும். மூட்டுத் தலை உள்பக்கமாகச் சாய்ந்திருந்தாலும் பக்கவாட்டுப் பார்வையில் சரியாகப் பிடிபடாது. வாயைத் திறந்து வைத்து எடுக்கும் ரிவர்ஸ் டவுன் படமோ, சிடி ஸ்கேனோ அதைக் காட்டிக்கொடுக்கும்.

இதே ஓபிஜி இல்லாத முறிவைக் காட்டுவதும் உண்டு. தொண்டையில் உள்ள காற்று, தாடைக் கோணத்தின் குறுக்கே கறுப்புக் கோடாக விழும். அந்தக் கோட்டைக் கண்ணால் தொடர்ந்து போங்கள். எலும்பின் விளிம்பைத் தாண்டியும் அது போனால் முறிவல்ல, நிழல். இன்னொரு வேடிக்கை, சாய்வாகப் போகும் ஒரே முறிவு வெளிச்சுவரில் ஒரு கோடு, உள்சுவரில் ஒரு கோடு என இரண்டாகவும் தெரியும்.

பல்லுக்கு வருவோம். வேர் முறிந்திருந்தாலும், எக்ஸ்ரே கதிர் அந்த விரிசலின் வழியாகவே நுழைந்தால்தான் கோடு தெரியும். அதனால்தான் ஒரே பல்லைக் கோணம் மாற்றி இரண்டு மூன்று படம் எடுக்கிறார்கள். காசு பிடுங்குவதற்காக அல்ல. வேரைச் சுற்றிச் சுமார் 0.2 மில்லிமீட்டர் அகலத்தில் மெல்லிய கறுப்புக் கோடு ஓடும். பல் வெளியே நகர்ந்திருந்தால் வேர் நுனியில் அது அகலும்; எலும்புக்குள் இறங்கியிருந்தால் மறையும். வெறும் அதிர்ச்சி பட்ட பல் படத்தில் சாதாரணமாகவே இருக்கும். தட்டினால் வலிக்கும், அவ்வளவுதான்.

உடைந்த துண்டு காணோம், உதடும் கிழிந்திருக்கிறது என்றால் உதட்டுக்கே குறைந்த கதிரில் படம் எடுக்கவேண்டும். துண்டு பல நேரம் அங்கேதான் புதைந்திருக்கும். எங்கும் கிடைக்காவிட்டால், மூச்சோடு உள்ளே போயிருக்கக்கூடும் என்று நெஞ்சுக்கும் ஒரு எக்ஸ்ரே தேவை.

மேல்தாடை தனிக் கதை. 1901இல் ரெனே லெ ஃபோர் என்ற பிரெஞ்சு மருத்துவர் பிணத் தலைகளில் அடித்துப் பார்த்து, நடுமுகம் மூன்று விதக் கோடுகளில் பிளக்கிறது என்று எழுதிவைத்தார். இன்று அங்கே சிடி இல்லாமல் யாரும் முடிவெடுப்பதில்லை.

எனக்குக் கவலை குழந்தைகளைப் பற்றித்தான். மோவாயைத் தைத்து அனுப்பிய பிள்ளைக்கு மூட்டு முறிவு தப்பிப்போனால், மூட்டு இறுகி வாய் திறக்க முடியாமல் போகலாம். வளர வளர முகம் ஒரு பக்கம் கோணலாம். ஆகவே தையலோடு கிளம்பிவிடாதீர்கள். பிள்ளை வாயை முழுதாகத் திறக்கிறதா, திறக்கும்போது தாடை ஒரு பக்கம் இழுக்கிறதா என்று பாருங்கள். “காதுக்கு முன்னாடி உள்ள மூட்டையும் பார்த்தாச்சா டாக்டர்?” என்று கேட்டுவிட்டு எழுந்திருங்கள்.