நின்றால் அணையும் வண்டி

ஓடும்போது பிழையின்றி ஓடி, நிற்கும்போது மட்டும் உயிரை விடும் மோட்டார் வண்டி ஒன்று என்னிடம் இருந்தது. இருந்தது என்பது தவறு. வண்டி இன்றும் இருக்கிறது, அந்தக் குணந்தான் போய்விட்டது. அது போன கதையை எழுத வேண்டுமென்று நெடுநாளாக எண்ணியிருந்தேன். இலக்கியப் பக்கத்தில் எண்ணெய்ப் பிசுக்கு எதற்கு என்று கேட்கும் அன்பர்கள் சற்றே பொறுத்தருள்க.

வண்டி மொரிஸ் மைனர் 1000. 1958 இல் செய்யப்பட்டது. இறக்குவானை மலைச்சரிவில் நான் பிறந்து, படித்து, பின்னர் படிப்பித்த தோட்டத்தில் என் தந்தையார் பெரிய கிளாக்கராக இருந்தார். கம்பெனித் தோட்டங்களை அரசு பொறுப்பேற்ற 1975 இல், வேலையை விட்டுப்போன துரை தமது வண்டியை அவருக்கு விற்றுச் சென்றார். அலெக் இசிகோனிஸ் என்னும் பொறியியலாளர் வகுத்த இவ்வண்டி 1948 இல் வெளிவந்து, 1971 வரையில் ஏறத்தாழப் பதினாறு இலட்சம் செய்யப்பட்டது. பத்து இலட்சத்தை எட்டிய முதற் பிரித்தானிய மோட்டார் இதுவே. இறக்குமதி இறுகியிருந்த 1970களில், கடைசற் பட்டறைகளின் கைவண்ணத்தாலேயே நம் நாட்டு மைனர்கள் உயிர் பிழைத்தன.

எங்கள் வண்டியின் இயந்திரம் 948 கன சென்ரிமீற்றர் கொண்டது. திருக்குறளில் 948 ஆவது குறள் எதுவென்று தமிழாசிரியர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மற்றையோர் மருந்து அதிகாரத்தை எடுத்துப் பார்த்துக்கொள்க. அந்த எண்ணைத் தாங்கியிருந்தும், அக்குறளின்படி வைத்தியம் செய்வார் என் வண்டிக்கு நெடுநாள் வாய்க்கவில்லை.

2022 ஆம் ஆண்டின் பெற்றோற் பஞ்சத்தை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். மாதக்கணக்கில் மைனர் கொட்டகையிற் கிடந்தது. ஜூலையிற் குறியீட்டு முறை வந்து, காருக்கு வாரம் 20 லீற்றர் என்று வரையறை செய்தபின், நானும் வரிசையில் நின்று பெற்றோல் வாங்கி ஊற்றினேன். வண்டி கிளம்பியது. ஆனால் வேகத்தைக் குறைத்தால் இயந்திரம் குலுங்கும்; சந்தியில் நிறுத்தினால் இரண்டு முறை விக்கி அணைந்துபோகும். வண்டி அசையாமல் இயந்திரம் மட்டும் ஓடுவதைப் பட்டறையில் ஐட்லிங் என்பார்கள். நான் நிலையோட்டம் என்கிறேன். சொல்லாக்க அன்பர்கள் இதனினும் நல்ல சொல் தந்தால் ஏற்றுக்கொள்வேன்.

முதலாவது வைத்தியர் நிலையோட்டத் திருகாணியை முறுக்கி, இயந்திரத்தின் வேகத்தை உயர்த்திவிட்டார். அணைவது நின்றது, ஆனால் இறக்கத்தில் வண்டியை அடக்க முடியவில்லை, பிரேக்கிலேயே காலை வைத்திருக்க வேண்டியதாயிற்று. இரண்டாமவர் அத்திருகாணியைத் தளர்த்தி, காபரேட்டரிற் பெற்றோலைக் கூட்டிவிட்டார். காலையில் வண்டி பூப்போல நின்றது. ஐந்து மைல் ஓடிச் சூடேறியதும் பழைய விக்கல், போதாக்குறைக்குக் கரும்புகை. இருவரும் நோயைத் தொடவில்லை. முனகலை மட்டும் அடக்கப் பார்த்தார்கள்.

நிற்க. அவ்வாண்டு ஒக்டோபரில் ஓர் இரவு, கீழ் லயத்திலிருந்து ஓர் இளைஞன் ஓடி வந்தான். மனைவிக்குப் பிரசவ வேதனை. தோட்டத்து லொறி டிப்போவில் இல்லை. மழையிற் கைபேசிக்குச் சமிக்ஞையும் அற்றுப்போயிருந்தது. இரத்தினபுரி மாவட்டத்து மழை எத்தகையது என்று அங்கு வாழ்ந்தவர்க்கே தெரியும். கூரைத் தகரத்தின்மேல் அது விழும்போது பக்கத்திலிருப்பவர் பேச்சுக் கேளாது. வண்டியின் பின்னாசனத்தில் அந்தப் பெண்ணையும் மாமியாரையும் ஏற்றிக்கொண்டு புறப்பட்டேன்.

எட்டு மைல் இறக்கம். முதல் வளைவில் கிளச்சை மிதித்ததும் இயந்திரம் அணைந்தது. உருண்டுகொண்டிருந்த வண்டியிற் கிளச்சை விட்டதும் மீண்டும் உயிர்த்தது. மூன்றாம் வளைவில், உருட்டிவந்த மண் சரிந்து பாதி வழியை மறித்திருந்ததால் முற்றாக நிறுத்த நேர்ந்தது, அணைந்தது, நான்கு முறை முயன்றபின்னரே கிளம்பியது. “வாத்தியாரையா, வண்டிய மட்டும் நிறுத்திராதீங்க” என்றான் அந்த இளைஞன். நிறுத்துவது நானா! அப்போது என் கை, எண்ணியோ எண்ணாமலோ, சோக் குமிழைக் கால் அங்குலம் வெளியே இழுத்தது. இயந்திரம் நிமிர்ந்து நின்றது. அந்தக் கால் அங்குலத்தை நம்பியே எஞ்சிய வளைவுகளையெல்லாம் கடந்து வைத்தியசாலையை அடைந்தோம். விடியுமுன் பெண் குழந்தை பிறந்தது. லயத்தில் இன்று அவளை மைனா என்று அழைப்பதற்குக் காரணம் பறவையன்று.

அடுத்த வாரம் வண்டியை இரத்தினபுரிக்குக் கொண்டுசென்றேன். எழுபதைக் கடந்த பாஸ் ஒருவரிடம் போகுமாறு நண்பர் சொல்லியிருந்தார். (கைவினைஞரை விளிக்கும் இந்தப் பாஸ், ஒல்லாந்தர் விட்டுப்போன சொல்.) மாணிக்கக் கல்லைக் காலை வெயிலிற் பிடித்து, திருப்பித் திருப்பிப் பார்த்தே விலை சொல்லும் ஊர் அது. அப்பொறுமை பாஸிடமும் இருந்தது. மூடியைத் திறக்குமுன் கேள்விகள் கேட்டார்: அணைவது சூட்டிலா, குளிரிலா? மழையில் மட்டுமா? மேடேறும்போதா, நிற்கும்போதா? சோக்கை இழுத்த கதையைச் சொன்னதும் முகம் மலர்ந்தார். அக்குமிழைச் சிறிதளவு இழுத்தாற் பெற்றோல் கூடுவதில்லை, காற்றின் வாயில் மட்டுமே சற்றுத் திறக்கிறது என்று விளக்கினார். “மாஸ்டர், காபரேட்டரைக் கடைசியாகத்தான் தொடுவேன்” என்றார்.

பிளக்குகள் நான்கும் கரி பிடித்திருந்தன. துடைத்து, இடைவெளியை அங்குலத்தில் ஆயிரத்தில் 25 பங்காக்கினார். டிஸ்ரிபியூட்டர் மூடியைக் கழற்றினால், பொயின்ற் கருகி, அதன் குதி தேய்ந்து, ஆயிரத்தில் 15 பங்கு இருக்க வேண்டிய இடைவெளி பாதியும் இல்லை. அதனால் மின்பொறி காலந்தாழ்த்தி விழுந்துகொண்டிருந்தது. புதிய பொயின்ற் பூட்டினார். பின்னர் பெற்றோற் பம்பின் வடிகட்டியை எடுத்துக் காட்டினார்; துருத்தூளும் நீர்த்துளியும். பஞ்ச காலத்தில் வெறுமையாய்க் கிடந்த தாங்கி வியர்த்துத் துருவேறியிருந்தது. தாங்கியைக் கழற்றிக் கழுவியதில் அரைநாள் போயிற்று.

இத்தனையும் செய்தபின் இயந்திரம் இனிதாக முழங்கியது. நிலையோட்டத்தில் மட்டும் குலுங்கியது. என் மனம் சோர்ந்தது. பாஸோ இதனை எதிர்பார்த்தவர்போல எண்ணெய்க் குப்பியை எடுத்து, காபரேட்டரில் காற்றின் வாயிலைத் திருப்பும் தண்டின் இருபுறமும் சில துளி விட்டார். குலுக்கம் நின்றது! அரை நிமிடத்தில் எண்ணெய் உறிஞ்சப்பட்டதும் திரும்பிற்று. மறுபடி சில துளி, மறுபடி அமைதி.

அறுபது ஆண்டுகளாக உராய்ந்து தண்டும் துளையும் தேய்ந்துவிட்டன. அந்த இடுக்கால் அழையாத காற்று நுழைகிறது. இது ஓட்டத்தில் ஏன் தெரியவில்லை என்று கேட்டேன். வேகமாக ஓடும்போது வாயில் அகலத் திறந்து பெருங்காற்று பாய்கிறது. அதனிடையே இடுக்கில் நுழையும் காற்று ஒரு பொருட்டன்று. நிலையோட்டத்திலோ வாயில் மயிரிழை அளவே திறந்திருக்க, இயந்திரம் முழு வலியோடு உறிஞ்சுகிறது. அப்போது இடுக்கின் காற்றே பெரும்பங்காகி, பெற்றோற் கலவை நீர்த்துப்போகிறது. இரண்டாம் வைத்தியர் பெற்றோலைக் கூட்டியது இதனை ஈடுசெய்யத்தான். அந்த ஈடு ஓட்டத்திற் கரும்புகையாயிற்று. பழியை மழையின்மேற் சுமத்திக்கொண்டிருந்த எனக்கு வெட்கமாக இருந்தது.

தெருமுனைக் கடைசற் பட்டறையில் துளையைப் பெருப்பித்து, பித்தளை வளையம் இறக்கி, புதுத் தண்டும் கடைந்தார்கள். அதன்பின்னரே பாஸ் கலவையைச் சீர்செய்தார். இந்த வகைக் காபரேட்டருக்கு ஓர் எளிய சோதனை உண்டு. உள்ளேயுள்ள பிஸ்டனைத் திருப்புளி நுனியால் ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவாக உயர்த்த வேண்டும். இயந்திரம் வேகமெடுத்து அப்படியே நின்றாற் பெற்றோல் மிகுதி, அணைந்தாற் குறைவு, சிறிது எழுந்து உடனே அடங்கினாற் சரி. மூன்றாம் முயற்சியில் எழுந்து அடங்கியது. பாஸ் கையைத் துடைத்துக்கொண்டார்.

கூலியாக அவர் கேட்ட தொகை, முன்னைய இருவரும் வாங்கியதன் கூட்டுத்தொகையிலும் குறைவு. ஐந்நூறு மைல் ஓடியபின் பொயின்ற் இடைவெளியை ஒருமுறை பார்க்க வருமாறு சொல்லி அனுப்பினார்.

திரும்பும் வழியில் பெல்மதுளைச் சந்தியில் வண்டியை ஓரங்கட்டினேன். இயந்திரத்தை அணைக்கவில்லை. இறங்கிச் சென்று, கடையிலே ஆறுதலாக ஒரு கோப்பைத் தேநீர் குடித்தேன். நான் திரும்பி வந்தபோதும் அது ஓடிக்கொண்டிருந்தது.